டீச்சரம்மாவும் திரும்பி வந்த தண்ணியும்

வேன் ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கும், உயிரு பின் சீட்டுல உக்காந்திருக்கும். இதுதான் எங்க தொழில்.

இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா என் வண்டி டயர் நாலும் ஒரே நேரத்துல வெடிக்கட்டும். ஸ்டெப்னியும் சேர்ந்து வெடிக்கட்டும். குலசாமி மேல, என் லைசென்ஸ் மேல, ஓடாம நிக்கிற என் ஸ்பீடாமீட்டர் மேல சத்தியம்! கள்ளக்குறிச்சி வேன் ஸ்டாண்டுல கேட்டா, "அந்தாளு வாயத் தொறந்தாலே புளுகு"ன்னு சொல்லுவானுங்க. அது நான் சொன்ன மத்த கதைங்களைப் பத்தி. இது அத்தனையும் நெசம்.

கல்யாண லோடு, எழவு லோடு, சபரிமலை லோடுன்னு எல்லாம் ஏத்தினவன் நான். கல்யாண லோடு வாந்தி எடுக்கும், எழவு லோடு சண்டை போடும், சபரிமலை லோடு திரும்பி வர்றப்ப தூங்கும். எதுக்கும் பயந்ததில்லை. ஆனா பறவை பார்க்கற லோடுன்னா மட்டும் எனக்கு பயம். அடுத்த வூட்டு ஆளுக்குப் பொறுப்பேத்து வெளியூர் கூட்டிப் போயி, திரும்பி வர்ற வரைக்கும் தொண்டையில சோறு இறங்காம தவிச்சவங்க யாராவது இருந்தா கிட்ட வாங்க. நாம ஒரே சாதி.

கேட்டுல போட்ட கண்டிஷன்

செல்போன்ல பட்டன் இருந்த காலம். எங்க ஊர்ல ஒரு பறவை கோஷ்டி இருந்துச்சு. தலைவர் ஒரு பேங்க் ஆபீசர். எல்லாரும் அவரை பேங்க் சார்னுதான் கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ஏரி, கொளம், கல்வராயன்மலைன்னு என் வண்டியிலதான் சுத்துவாங்க. ஒரு மார்கழியில கோடியக்கரைக்குப் போறதுன்னு முடிவாச்சு. ஒரு ராத்திரி வேதாரண்யத்துல தங்கல். கடல், சதுப்பு, உப்பளம், காட்டுக்குதிரை எல்லாம் ஒரே எடத்துல. எல்லாத்துக்கும் மேல பூநாரை. மொழம் மொழமா காலு, ரோஸ் கலர் றெக்கை, சேத்துல தலைகீழா அலகை வுட்டுத் துழாவற பறவை.

எலவனாசூர்கோட்டையில ஆரோக்கியமேரி டீச்சரை ஏத்தணும். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். சர்க்கரை வியாதி. போன வருஷம் ஏரிக்கரையில மீன்கொத்தியை அண்ணாந்து பார்த்துக்கினே நடந்து, உருண்டு கையை ஒடிச்சுக்கினவங்க. அன்னிலேருந்து மகன் டேனியல் அவங்களை வெளியே விடறதில்லை. வருஷம் பூரா ஜன்னல்ல வர்ற காக்காவையும் மைனாவையும் பைனாகுலர் வெச்சுப் பார்த்துக்கினு கிடந்தாங்களாம். அழுது அடம் புடிச்சு இந்த ஒரு ட்ரிப்புக்கு அனுமதி வாங்கியிருந்தாங்க. விடியக்காலையில டேனியல் என்னைக் கேட்டோரமா இழுத்துக்கினு போனார்.

"டிரைவர் அண்ணே, பேங்க் சாரு மேல பாத்துக்கினே நடப்பாரு. அவர நம்பி நான் அனுப்பல, உங்கள நம்பித்தான் அனுப்புறேன். அம்மா ஒடம்புல ஒரு கீறல் வுயுந்துச்சின்னு வெச்சுக்குங்க, இதான் கடைசி. பைனாகுலரு பரண் மேல பூடும்."

அந்தக் கோஷ்டியிலயே "சாப்ட்டியா தம்பி?"ன்னு டிரைவரைக் கேக்கற ஒரே ஆளு டீச்சர்தான். அவங்க பைனாகுலர் பரணுக்குப் போனா எனக்குத் தாங்காது. டீச்சர் முன் சீட்டுல ஏறி, கதவை இழுத்துச் சாத்திட்டுச் சொன்னாங்க:

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்தவ தம்பி நானு. நான் பெத்தது எனக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குது பாரு."

கம்பி மேல ஒண்ணு

உளுந்தூர்பேட்டை தாண்டி வண்டி வேகம் எடுக்குது. பின்னாடியிலேருந்து பேங்க் சார், "நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"ன்னு அலறினார். கதவு தொறந்து ஆள் வுழுந்துட்டாங்கன்னு நெனச்சு நான் பிரேக்கை மிதிச்ச மிதியில என் செருப்பு பிஞ்சு போச்சு. பின்னாடி வந்த கரும்பு லாரி கிறீச்சுன்னு ஒதுங்கி, எங்க வண்டியை உரசுற மாதிரி நின்னுச்சு. எவ்வளவு கிட்டன்னா, பின் சீட்டுல இருந்தவங்க ஜன்னல் வழியா கையை நீட்டி ஆளுக்கொரு கழி கரும்பு ஒடிச்சாங்க. லாரிக்காரன் எங்க பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அதை இங்க எழுத முடியாது.

யாரும் வுழல. கரண்டு கம்பி மேல ஒரு பனங்காடை உக்காந்திருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம். நான் மூச்சு விடறதுக்குள்ள டீச்சர் கதவைத் தொறந்து இறங்கி, பைனாகுலரைக் கண்ணுல வெச்சுக்கினே ரோட்டைத் தாண்ட ஆரம்பிச்சுட்டாங்க. எதிர்ல பஸ்ஸு. நான் பாய்ஞ்சு அவங்க தோள்பை வாரைப் புடிச்சு இழுத்தேன். பஸ்ஸு காத்து எங்க ரெண்டு பேரு மூஞ்சியிலயும் அடிச்சுட்டுப் போச்சு. அவங்களைக் கொண்டாந்து சீட்டுல உக்கார வெச்சேன். பேங்க் சார் முன்னாடி எட்டிப் பார்த்து வருத்தப்பட்டார்:

"இன்னும் கொஞ்சம் முன்னாடி பிரேக் போட்டிருந்தீங்கன்னா அந்த றெக்க நீலத்த பாத்திருக்கலாம் டிரைவர். பறந்துடுச்சி பாருங்க."

வண்டியை வுட்டு இறங்காத அம்மா

டேனியல் ஊருக்கு ஊரு போன் போட்டார். விருத்தாசலத்துல "அம்மா மாத்திர போட்டாங்களா?" சிதம்பரத்துல "வெயில்ல நிக்கிறாங்களா?" நாகப்பட்டினத்துல "கொரலு ஏன் ஒரு மாதிரியா கீது?" அவங்க வாயில இட்லி இருந்துச்சு, அதான் கொரல் அப்படி.

சாயங்காலம் உப்பளத்துக்கிட்ட வண்டியை ஓரம் கட்டினேன். பாத்தியில உள்ளான் குருவிக் கூட்டம் மேயுது, ஆனா குறுக்கால சீமைக்கருவேலம் மறைக்குது. எல்லாரும் சந்து பார்த்து நடந்தாங்க. "டீச்சர், நீங்க மட்டும் வண்டியிலயே இருங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "சரி தம்பி"ன்னாங்க. நான் டீ குடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா, அவங்க பின்னாடி ஏணியில ஏறி, லக்கேஜ் வைக்கற கேரியர் மேல சம்மணம் போட்டு உக்காந்து பைனாகுலர் பார்க்கறாங்க. காத்துல வண்டியே ஆடுது. கத்தினா திடுக்கிட்டு வுழுந்துடுவாங்களோன்னு பயம். கீழ நின்னு, புடிக்கற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கினு இருக்கேன். அந்த நேரம் பார்த்து பாக்கெட்டுல போன். தோளுக்கும் காதுக்கும் நடுவுல வெச்சு, "அம்மா வண்டிய வுட்டு எறங்கவே இல்லீங்க"ன்னேன். சாமி சத்தியமா அது பொய் இல்லை. டேனியலுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அப்பிடியே உக்கார வெச்சுக்குங்கண்ணே. எறங்கச் சொல்லாதீங்க."

தொப்பி தின்ன குதிரை

கோடியக்கரைக் காட்டுல குதிரைங்க அதுபாட்டுக்குத் திரியும். யாரோ எந்தக் காலத்துலயோ வளர்த்து விட்டதோட வாரிசுங்களாம். மறுநாள் காலையில பத்துப் பதினஞ்சு புல்வெளியில மேஞ்சுக்கினு இருந்துச்சு. ஆண் குதிரை பொல்லாதது, பக்கத்துல போகாதீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. நான் அதை எல்லாருக்கும் ஒரு தடவையும், டீச்சருக்கு மட்டும் மூணு தடவையும் சொன்னேன்.

அவங்களும் போகல. மரத்தடியில அசையாம நின்னு ஒரு மரங்கொத்தியைப் பார்த்துக்கினு இருந்தாங்க. குதிரைதான் வந்துச்சு. பின்னாலேருந்து பூனை மாதிரி வந்து, அவங்க போட்டிருந்த வைக்கோல் தொப்பியை மோந்து பார்த்து, ஓரத்துலேருந்து மெல்ல ஆரம்பிச்சிடுச்சு. நறுக் நறுக்குன்னு சத்தம் எனக்குக் கேக்குது. தொப்பி முடிஞ்சா அடுத்தது காது! நான் அசைஞ்சா குதிரை மெரண்டு உதைக்கும், அசையலன்னா டேனியலுக்கு பதில் சொல்லணும். தொப்பியில பாதி போனதும் அதுக்கு ருசி பிடிக்கலையோ என்னவோ, தும்மிட்டு நடந்துடுச்சு. டீச்சர் அது வரைக்கும் கண்ணுலேருந்து பைனாகுலரை எடுக்கவே இல்லை. ஓடிப் போயி, "டீச்சர், தொப்பி! தொப்பி!"ன்னேன். தடவிப் பார்த்தாங்க.

"போனா போவுது தம்பி. வெயிலு ஒரு பக்கந்தான அடிக்குது, பாதி போதும்."

தண்ணி போற பக்கம்

இப்பத்தான் வெள்ளையனைப் பத்திச் சொல்லணும். வெள்ளிமலைக்காரர். சாமை, வரகு விதைக்கற கொஞ்சம் நிலம் வெச்சிருந்தார். கல்வராயன்மலையில எங்களுக்கு வழி காட்டுறவர் அவர்தான். கடலையே பார்த்ததில்லைன்னு சொன்னதால பேங்க் சார் கையோட கூட்டிக்கினு வந்திருந்தார்.

குதிரைக்கு அப்புறம் சதுப்புக்குப் போனோம். பூநாரை ரொம்ப தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. பேங்க் சார் கோஷ்டியைக் கூட்டிக்கினு வரப்பு மேல நடந்தார். எனக்கு டயர் பஞ்சர். டீச்சரை வண்டி நிழல்ல உக்கார வெச்சு, தொணைக்கு வெள்ளையனையும் உக்கார வெச்சு, நான் ஜாக்கி போட்டேன். ஒரு போல்ட்டு மக்கர் பண்ணுச்சு. அதைக் கழட்டி முடிச்சுத் தலையைத் தூக்கினா ரெண்டு பேரையும் காணோம். டீச்சர் கைப்பை மட்டும் நிழல்ல கிடக்குது.

சேத்தோரம் ஓடினேன். "டீச்சர்! வெள்ளையா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வரப்புலேருந்து பேங்க் சார் ரெண்டு கையையும் ஆட்டி, "கத்தாதீங்க, பறவை எழும்பிடும்"னு சைகை காட்டறார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி புதர், ஒரே மாதிரி சேறு. எங்க கால் வெச்சாலும் முழங்கால் வரைக்கும் உள்ள போகுது. பாக்கெட்டுல போன் அடிக்குது. டேனியல். எடுத்து, "டவர் இல்லீங்க"ன்னு சொல்லி வெச்சுட்டேன். டவர் இல்லாதவன் எப்படிப் பேசினான்னு வெச்ச பிறகுதான் உறைச்சுது. வேளாங்கண்ணி மாதாவையும் எங்க குலசாமியையும் ஒரே மூச்சுல கூப்பிட்டேன். இருந்த வியர்வையெல்லாம் அன்னிக்கே தீர்ந்து போச்சு. அதுக்கப்புறம் எனக்கு வேர்த்ததே இல்லை, வேணும்னா தொட்டுப் பாருங்க.

ரொம்ப நேரம் கழிச்சுப் புதரை விலக்கிக்கினு ரெண்டு பேரும் வந்தாங்க. இடுப்பு வரைக்கும் சேறு. டீச்சருக்கு ஒரு கால்ல செருப்பு இல்லை. நடந்தது இதுதான். "கிட்டக்க போயி ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாமா?"ன்னு டீச்சர் கேட்டிருக்காங்க, வெள்ளையனும் கிளம்பிட்டார். நாலு புதர் தாண்டினதும் திக்கு தெரியல. மலையில வழி தப்பினா ஒரு ஓடையைப் புடிச்சு, தண்ணி போற பக்கமே இறங்கினா ஏதாவது ஊர் வந்துடும். இவர் பொறந்ததுலேருந்து செய்யறது அது. இங்கயும் ஒரு ஓடையைப் புடிச்சுட்டார். தண்ணி போச்சு, இவங்களும் போனாங்க. அது கொண்டுபோய் பூநாரைக் கூட்டத்துக்கு நடுவுலயே விட்டுடுச்சு. கை நீட்டினா றெக்கை படற தூரமாம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா ஆழம். அந்த நேரம் பார்த்து ஓடையில தண்ணி நின்னு, மெதுவா எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிச்சிருக்கு. வெள்ளையன் ஒரு கேள்வியும் கேக்கல. தண்ணி போற பக்கம்தானே போகணும்? டீச்சரைத் திருப்பி நடத்திக்கினு, தண்ணி பின்னாடியே வண்டிகிட்ட வந்து சேர்ந்துட்டார்.

"கடல் ஏறினா ஓடையில தண்ணி உள்ள வரும், எறங்கினா வெளிய போவும்"னு பேங்க் சார் விளக்கினார். வெள்ளையன் அந்த ஓடையையே வெறிச்சுப் பார்த்தார்.

"எங்க மலையில தண்ணி போனா போனதுதாங்க. இது இன்னாங்க, எதையோ வெச்சுட்டு வந்தாப்புல திரும்பி ஓடியாருது?"

மணல்

ரேடியேட்டருக்கு வெச்சிருந்த தண்ணியை ஊத்திச் சேத்தைக் கழுவினப்பதான் பார்த்தேன். டீச்சர் முட்டிக்குக் கீழ சிப்பி ஓடு கிழிச்சு ரத்தம். ஒரு கீறல்னா கூடாதுன்னார் டேனியல். இது கீறல் இல்லை, ஒரு ஜாண் நீளம். பேங்க் சார் மருந்து வெச்சுக் கட்டினார். டீச்சர் புடவையை மாத்திக்கினு முன் சீட்டுல உக்காந்தாங்க. இனிமே ஜன்னல் மைனாதான்னு அவங்க மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு.

வண்டி கிளம்பினதும் ஆளாளுக்கு யோசனை. "கட்டில் கால் இடிச்சுடுச்சுன்னு சொல்லலாம்"னார் பேங்க் சார். அதுக்கு ரத்தம் வராது. "குதிரை ஒதச்சுதுன்னு சொல்லலாம்"னார் வெள்ளையன். அதுக்கு டேனியல் நம்ம எல்லாரையும் ஒதைப்பார். அப்ப என் வாய் சும்மா இருக்குமா? "வழியிலதானே வேளாங்கண்ணி? பழைய கோயிலுக்கு மணல்ல முட்டி போட்டு நடக்கறவங்க எல்லாருக்கும் முட்டி சிராய்ச்சுத்தானே இருக்கும்? டீச்சரும் வேண்டுதல் நடந்தாங்கன்னு சொல்லிட்டாப் போச்சு"ன்னேன். வண்டியே கை தட்டுச்சு. டீச்சர் மட்டும் கை தட்டல. வேளாங்கண்ணி வளைவு வந்ததும் என் கையைத் தட்டினாங்க. "உள்ள திருப்பு தம்பி. மாதா பேரச் சொல்லி என்னால பொய் சொல்ல முடியாது. நெசமாவே நடந்துட்டுப் போயி சொல்லிடறேன்."

"சர்க்கரை ஒடம்பு, புண்ணு சீழ் வச்சுடும்"னு பேங்க் சார் கெஞ்சினார். கேக்கல. என் துண்டை ரெண்டாக் கிழிச்சு ரெண்டு முட்டியிலயும் கட்டினோம். மணல்ல முட்டி போட்டாங்க. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பேங்க் சார். முதல் தடவையா அந்த மனுஷன் மேல பார்க்கல. வெள்ளையன் முன்னாடி குனிஞ்சுக்கினே போய், மணல்ல கிடக்கற சிப்பி, கல்லு எல்லாத்தையும் பொறுக்கி மடியில போட்டுக்கினு போனார். பாதி வழியில டீச்சருக்கு மூச்சு வாங்குது, கட்டுல செவப்பா ஊறுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "போதும் டீச்சர். பாதி நடந்தாலும் நடந்ததுதானே? சொன்னா பொய் ஆவாது"ன்னேன். நெத்தி வேர்வையைத் தொடைச்சுக்கினு என்னை முறைச்சாங்க.

"கணக்கு டீச்சர்டா நானு. பாதி போட்டா பாதி மார்க்குதான்."

கேட்டுல எடுத்த அட்டெண்டன்ஸ்

எலவனாசூர்கோட்டை வந்தப்ப ராத்திரி சாப்பாட்டு நேரம். டேனியல் கேட்டுலயே நின்னுக்கினு இருந்தார். நான் இன்ஜினை அணைக்கல. ஓட வேண்டி வந்தா சௌகரியமா இருக்கும்னு. டீச்சர் நொண்டிக்கினே இறங்கினாங்க. அவர் கண்ணு நேரா காலுக்குத்தான் போச்சு.

"கால்ல இன்னாம்மா கட்டு?"

"வேளாங்கண்ணியில முட்டி போட்டு நடந்தேன்டா."

டேனியல் மெதுவா கேட்டார், "எனக்காகவாம்மா?"

"வேற யாருக்குடா? உன் மனசு கொஞ்சம் எளகணும்னுதான் வேண்டிக்கினேன்."

அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்க. டேனியல் அங்கயே ரோட்டுல முட்டி போட்டு உக்காந்து அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். கண்ணு தளும்பிடுச்சு. பேங்க் சார் வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சார், அந்த இருட்டுல ஒரு பறவையும் இல்லை. வெள்ளையன் மடியில இருந்த சிப்பியை எண்ணற மாதிரி குனிஞ்சுக்கினார். நான் கியர் மேல வெச்ச கையை எடுக்கல. டேனியல் எழுந்து என் ஜன்னல்கிட்ட வந்தார். செத்தோம்னு நெனச்சேன்.

"டிரைவர் அண்ணே, இனிமே வருஷா வருஷம் அம்மாவ மாதா கோயிலுக்கு நீங்கதான் கூட்டிக்கினு போவணும். ஆனா அந்தக் கோடியக்கரை பக்கம் மட்டும் எறக்கி வுட்றாதீங்க, அங்க சேறு ஜாஸ்தியாமே?"

புண்ணு ஆற ரொம்ப நாளாச்சு. தெனம் கட்டு மாத்தினது டேனியல்தான். டீச்சர் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை. முதல்ல மணல்ல முட்டி போட்டு நடக்கறது, அப்புறம் கோடியக்கரை சேத்துல பூநாரை பார்க்கறது. இந்த மார்கழிக்கும் முன் சீட்டு அவங்களுக்குத்தான், வண்டி மட்டும் இப்ப என் மருமகன் ஓட்டுறான். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கறது எந்த டிரைவரும் செய்யற வேலை, போன ஆளை அவங்க வூட்டுல நம்பறாப்புல இறக்கி விடறதுதான் தொழில். அதனால இதைப் படிச்சவங்க எலவனாசூர்கோட்டை பக்கம் போனா வாயைத் தொறக்காதீங்க, அப்படியே வாய் தவறிட்டாலும் சொன்னது நான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.